பார்க்கலாம் என்று சொன்னவள்

1

இந்த வருடம் ஆடி பதினெட்டுக்குக் குமாரபாளையத்திலிருந்து எனக்குப் படம் வரவில்லை.

போன வருடம் வந்தது, அதற்கு முந்தைய வருடமும் வந்தது. பவானிக்குப் போகும் பாலத்தின் மேல் நின்று எடுத்த படம். கீழே காவிரியில் கரை முட்டத் தண்ணீர், படித்துறையில் தலை தலையாக ஜனம், ஓரத்தில் அத்தையின் கட்டைவிரல். அத்தை எடுக்கும் எந்தப் படத்திலும் அந்த விரல் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். கூடவே ஒரு குரல் பதிவும் வரும். "தண்ணி நெம்ப வருது சாமி. அடுத்த ஆடிக்கு நீயே வந்து பாத்துக்குவ."

அத்தை என்று நான் சொல்வது பிரபுவின் அம்மாவை. பிரபு நான் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தவன். "இருந்தவன்" என்று எழுத எனக்கு இப்போதுதான் கை வருகிறது.

என் ஊர் திருச்செங்கோடு. ஐந்து வருடமாக ஜெர்மனியின் கிழக்குப் பக்கம் கெம்னிட்ஸ் என்ற ஊரில் இருக்கிறேன். நெசவு இயந்திரங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில், செய்த இயந்திரத்தை ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லும் வேலை. குறை சொல்வதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுதுவதை நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள். பனி, தனிமை, மல்லிகைப் பூவுக்கு ஏங்குவது, எல்லாம் வரும். எனக்கு அந்த ஏக்கங்கள் பெரிதாக இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உளுந்து இங்கே வியட்நாம்காரர் கடையில் கிடைக்கிறது, பனிக்கு நல்ல பூட்ஸ் இருக்கிறது. எனக்கு இருப்பது வேறு. நானே வேண்டாம் என்று விட்டவனுக்காக நானே ஏங்கிக்கொண்டிருக்கிறேன். இதற்கு யாரிடம் போய் ஆறுதல் கேட்பது? விடப்பட்டவர்களுக்குத் தோள் கொடுக்க நாலு பேர் வருவார்கள். விட்டுவிட்டு வந்தவள் அழுதால் "நீதானே விட்ட" என்பார்கள். அவர்கள் கேட்பது நியாயம்தான்.

2

எங்கள் பக்கத்தில் யாரும் யார் முகத்துக்கு நேராகவும் முடியாது என்று சொல்லிவிட மாட்டார்கள். அப்பா தண்ணீருக்கு ஆழ்துளைப் போர் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறார். தோட்டத்துக்காரர் யாராவது வந்து "ரேட்டக் கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்று கேட்டால், அப்பா சிரித்த முகமாக "பாக்கலாங்க" என்பார். வந்தவர் டீயைக் குடித்துவிட்டு, "அப்ப வாரனுங்க" என்று எழுந்து வேறு வண்டி தேடிப் போய்விடுவார். பாக்கலாங்க என்றால் இல்லை என்று இருவருக்கும் தெரியும். ஒருவர் மனமும் நோகாமல் காரியம் முடிந்துவிடும்.

அந்தச் சொல்லை நான் பெட்டியில் வைத்துக்கொண்டு இங்கே வந்தேன். கீழ் வீட்டில் மார்கிட் என்று ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் இருக்கிறார். நான் வந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமை காட்டுப் பக்கம் சைக்கிளில் போகலாம், வருகிறாயா என்று கேட்டார். எனக்குச் சைக்கிளும் வேண்டாம், காடும் வேண்டாம், தூங்கினால் போதும். பார்க்கலாம் என்று சொல்ல நினைத்து, அன்றைக்கு எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் வார்த்தைக்கு வார்த்தை மாற்றிச் சொன்னேன். அந்த மொழியில் அது "நாம் சந்திக்கலாம்" என்று ஆகிவிட்டது. ஞாயிறு காலை அழைப்பு மணி. திறந்தால் மார்கிட் தலையில் ஒரு ஹெல்மெட்டோடு நிற்கிறார், எனக்கென்று கையில் இன்னொன்று.

போனேன். ஏற்றத்தில் நாக்குத் தள்ளிப்போனது. பல மாதம் கழித்து, மொழி கொஞ்சம் பிடிபட்ட பிறகு, அன்றைக்கு நடந்ததை அவரிடம் சொன்னேன். மார்கிட் சிரித்தார். பிறகு, "வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே. நான் வேறு துணை பார்த்துக்கொண்டு போயிருப்பேன்" என்றார். அதில் கோபமே இல்லை. இவ்வளவு சுலபமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பிரபுவிடம் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். "நல்லவேள, கட்டிக்கிறியான்னு எவனும் கேக்கல" என்றான்.

3

பிரபுவும் நானும் ஒரே கல்லூரியில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தோம். அவர்களுக்குக் குமாரபாளையத்தில் விசைத்தறி, துண்டும் லுங்கியும் ஓடும். அவன் அப்பா இறந்த பிறகு அத்தைதான் தறிகளைக் கட்டி ஆண்டுகொண்டிருந்தார். படிப்பு முடிந்ததும் பிரபு அம்மாவோடு தறிக்குப் போய்விட்டான், நான் மேலே படிக்க இங்கே வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் ஒத்துக்கொள்ள வைக்க இரண்டு வருடம் ஆனது. "அவிய வேற ஆளுங்க" என்பதற்கு மேல் அப்பா ஒன்றும் பேச மாட்டார். நான் விடுமுறைக்கு வந்து சாப்பிடாமல் இருந்தும் பார்த்தேன், சாப்பிட்டுக்கொண்டே சண்டை போட்டும் பார்த்தேன். கடைசியில் ஒரு நாள், "உன்ற இஷ்டம் போ" என்று சொல்லிவிட்டு ரிக் வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். அதைச் சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

பிரபு இங்கே வருவது என்றுதான் பேச்சு. மனைவியோடு வந்து சேரும் கணவனுக்குக் கொஞ்சமாவது ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். அயல்நாட்டவர் அலுவலகத்தில் ஒரு அம்மா, "உங்கள் கணவராகப் போகிறவர் தன்னைப் பற்றி நான்கு வாக்கியம் பேசுவாரா?" என்று மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார். தமிழிலேயே தன்னைப் பற்றி நான்கு வாக்கியம் பேசாதவன் அவன். ஆனாலும் சனிக்கிழமை சனிக்கிழமை பஸ் ஏறி, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடியில் நடந்த வகுப்புக்குப் போனான். நர்ஸ் வேலைக்குப் போகும் சின்னப் பெண்களுக்கு நடுவே இவன் ஒருவன்தான் மீசைக்காரன். "நான் குமாரபாளையத்திலிருந்து வருகிறேன்" என்பதை ஜெர்மனில் சொல்லக் கற்றுக்கொண்டு, போன் எடுத்ததும் அதையே சொல்வான். சொல்லும்போது கடைசியில் ஒரு "ங்க" தானாக ஒட்டிக்கொள்ளும். நான் சிரித்தால் கோபித்துக்கொள்வான்.

இதை எழுதும்போது அந்தக் குரல் கேட்கிறது. அலுவலகத்தில் யாராவது தாம் எந்த ஊரிலிருந்து வருகிறோம் என்று சொல்லும்போதும் கேட்கிறது. இந்த நாட்டில் அதைத் தினமும் யாராவது சொல்கிறார்கள்.

போன ஐப்பசியில் ஒரு நாள் வகுப்புக்குப் போகாமல் என்னைக் கூப்பிட்டான். நான் கடைக்குப் போய்விட்டு ட்ராமுக்கு நின்றுகொண்டிருந்தேன்.

"கவி, நான் அங்க வந்து என்ன பண்ணுவேன்? அம்மா ஒண்டியா தறி பாக்க முடியாது. அதுக்கும் வயசாவுது" என்றான். "நீ வந்துரு. கோயமுத்தூர்ல, திருப்பூர்ல உனக்கு இல்லாத வேலையா?"

அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. வேலை இருந்தது, வீடு இருந்தது, என்னைச் சாமி என்று கூப்பிடும் ஒரு மாமியார் இருந்தார். ஆனால் எனக்குத் திரும்பிப் போக மனம் இல்லை. யாரும் எங்கே போனாய் என்று கேட்காத ஒரு மாலை நேரம் இங்கே எனக்குக் கிடைத்திருந்தது. ஒரு அறை, ஒரு சைக்கிள், கதவைச் சாத்தினால் என் சத்தம் மட்டும். இதற்காகவா ஒருத்தி அவனை விடுவாள் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"பாக்கலாம்" என்றேன். ட்ராம் வந்துவிட்டது. அப்புறம் பேசுகிறேன் என்று ஏறிவிட்டேன்.

அவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை. அதற்குப் பிறகு பேச்சு குறைந்தது. அடுத்த மாதம் அவனிடமிருந்து ஒரு செய்தி: "நீ வரலீன்னா பரவால்ல. அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்." நான் "சரி" என்று ஒரு வார்த்தை அனுப்பினேன். எங்கள் வீட்டிலும் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் அழுதார். போனிலேயே அப்பாவுக்கு மூச்சு இலகுவானது எனக்குத் தெரிந்தது.

4

அவன் அம்மாவிடம் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அத்தையின் அழைப்பு வழக்கம்போல வந்தது. ஞாயிறு தறி ஓடாது, அன்றைக்குத்தான் அங்கே பேசினால் காது கேட்கும். அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு ஆகியிருக்கும், எனக்கு அது காலைக் காப்பி நேரம். இன்றைக்குத் தெரிந்துதான் கூப்பிடுகிறார், திட்டு வாங்கிக்கொள்வோம் என்று எடுத்தேன். "சாப்டியா அம்மிணி? மேலுக்கு எப்படி இருக்குது?" என்று உடம்பைப் பற்றிக் கேட்டார். சாப்பிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவன் சொல்லட்டும், அவன்தானே சொல்கிறேன் என்றான், என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வாரமும் எடுத்தேன். அதற்கடுத்த வாரமும்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த அழைப்புக்காக நான் காத்திருக்க ஆரம்பித்தேன். அத்தை போனைப் பிடிக்கும் விதத்தில் அவர் முகம் கால்வாசிதான் தெரியும், மீதியில் வீடு தெரியும். கொடியில் அவன் நீலச் சட்டை தெரியும். ஒரு தடவை அவன் முதுகு போனது. ஒரு தடவை உள்ளேயிருந்து இருமல் கேட்டது, "சளி புடிச்சிருக்குது, சொன்னாக் கேக்கறானா" என்று அத்தை அங்கலாய்த்தார். கஷாயம் வைத்துக் கொடுங்கள் என்று நான் சொன்னேன். என்ன உரிமையில் சொன்னேன் என்று தெரியவில்லை. அவனை விட்டதும் நான்தான், அவன் அம்மா வழியாக வாரா வாரம் அவனைத் திருடிப் பார்த்துக்கொண்டிருந்ததும் நான்தான்.

மாசியில் அத்தை மாடியில் ஒரு அறை கட்ட ஆரம்பித்தார். அவன் வகுப்பை விட்டதால் நான்தான் அங்கே வரப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். "நீ வந்தா கீழ இந்தத் தறிச் சத்தத்துல எப்படித் தூங்குவ? மேல உங்களுக்குன்னு ஒரு ரூமு, பாத்ரூமோட" என்றார். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு யாரோ கொத்தனார் கூப்பிட்டார், அத்தை வைத்துவிட்டார், நான் பெருமூச்சு விட்டேன்.

பிறகு ஒரு ஞாயிறு, டைல்ஸ் மாதிரிகளைத் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டுக் கூப்பிட்டார். "எது புடிச்சிருக்குதுன்னு சொல்லு. இவங்கிட்டக் கேட்டா எதா இருந்தா என்னங்கறான்." போனை டைல்ஸ் பக்கம் திருப்பினார். ஓரத்தில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. பிரபுவின் பாதங்கள்.

அந்தப் பாதங்களைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் அவை அங்கேயே நிற்க வேண்டும் என்று இருந்தது. நான் வைத்துவிட்டால் போய்விடும்.

"பச்சை நல்லா இருக்குதுங்கத்த" என்றேன்.

பாதங்கள் நகரவில்லை. "பச்சையாடா, கேட்டுக்கிட்டியா?" என்று அத்தை அவனிடம் சொன்னார். "ம்" என்றான். பல மாதங்களுக்குப் பிறகு நான் கேட்ட அவன் குரல் அந்த ஒரு எழுத்துதான். அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தேன். அது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது மறுநாள் காலை பல் துலக்கும்போதுதான் உறைத்தது.

5

வைகாசியில் அத்தை, "வர்ற பொதங்கெழம திருச்செங்கோட்டுக்குப் போயி உங்கப்பாகிட்ட நாள் குறிக்கப் பேசிட்டு வந்தர்றேன். இன்னும் எத்தன நாளைக்கு இழுத்துட்டே இருக்கறது" என்றார். பழம், பூ, தட்டெல்லாம் வாங்கியாகிவிட்டதாம். பிரபு ஈரோட்டுக்கு நூல் எடுக்கப் போயிருக்கிறான், அவனிடம் சொன்னால் இப்போது என்ன அவசரம் என்று தள்ளிப்போடுவான், அதனால் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு தானே போய்விடுவதாகவும் சொன்னார்.

எனக்குக் கண் முன்னால் தெரிந்தது. தாம்பாளத்தோடு அத்தை எங்கள் வீட்டு வாசலில் நிற்பதும், அப்பா மரியாதையாக உட்கார வைத்து, டீ கொடுத்து, "புள்ளைதான் அப்பவே வேண்டாம்னுட்டாளேங்க" என்று சொல்வதும். அதைச் சொல்வதில் அப்பாவுக்கு ஒரு திருப்தி இருக்கும். இரண்டு வருடம் நான் அவரோடு போராடியது அந்தத் திருப்திக்காக அல்ல.

"அத்தை, போகாதீங்க" என்றேன்.

"ஏஞ்சாமி, உங்கப்பா ஊர்ல இல்லியா?"

"இல்லீங்கத்த. நானும் பிரபுவும்..." என்று ஆரம்பித்து, எங்கெங்கோ சுற்றி, வேலை, விசா, அத்தை தனியாக இருப்பது என்று என்னென்னவோ உளறி, கடைசியில் சொல்லிவிட்டேன். ஐப்பசியிலேயே முடிந்துவிட்டது என்றேன். நான்தான் வரவில்லை என்றேன், அவன்மேல் தப்பில்லை என்றேன்.

அத்தை போனை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் முகம் முழுதாகத் தெரிந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். அழுவார் என்று நினைத்தேன்.

"அப்படீங்களா" என்றார்.

பிறகு கேட்டார். "அப்ப இத்தன நாளா நான் யாருகிட்டீங்க பேசிட்டு இருந்தேன்?"

அந்த "ங்க" எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் தடவை பிரபுவோடு அவர்கள் வீட்டுக்குப் போனபோது, "வாங்க, உக்காருங்க" என்றுதான் அத்தை என்னை வரவேற்றார். வாசலுக்கு யார் வந்தாலும் நாங்கள் அப்படித்தான் சொல்வோம், சின்னவர் பெரியவர் என்று கிடையாது. சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது மோரை நீட்டி, "இந்தா, குடி சாமி" என்றார். பிரபு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அதன்பிறகு ஒரு நாளும் அவர் என்னை ங்க போட்டுப் பேசியதில்லை. இப்போது போட்டார். கோபத்தில் போடவில்லை. வெளி ஆளிடம் பேசும் மரியாதை அது, குரலில் ஒரு பிசிறும் இல்லை.

"மன்னிச்சிருங்கத்த" என்றேன்.

"செரிங்க. வெச்சர்றனுங்க" என்றார். ஆனால் அணைக்கும் இடம் அவருக்கு எப்போதும் பிடிபடாது. போனை மல்லாக்க வைத்துவிட்டுப் போய்விட்டார். திரையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தூரத்தில் யாரோ தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. நானாக அணைக்க மனம் வராமல் அந்த மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அணைத்தேன்.

அன்று மத்தியானம் மார்கிட் படிக்கட்டில் பார்த்து, முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார். இந்த மொழியில் எனக்கு இப்போது காப்பீட்டுத் தகராறு பேசத் தெரியும், வீட்டு ஒப்பந்தம் படிக்கத் தெரியும். ஒரு அம்மாவை ஏமாற்றிவிட்டேன் என்று சொல்ல வார்த்தை கூடவில்லை. சளி என்று சொல்லிவிட்டேன்.

6

அந்த வாரமே பிரபு கூப்பிட்டான். நான் சோதனைக் கூடத்திலிருந்து வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து எடுத்தேன். உள்ளே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, அங்கேயும் தறி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு சத்தத்துக்கும் நடுவே கத்திக் கத்திப் பேசினோம். நெஞ்சில் இருப்பதைக் கத்திப் பேசுவது பெரிய தண்டனை.

"அம்மா எங்கூடப் பேசறதில்ல" என்றான். "நான் சொல்லியிருக்கோணும். தப்பு என்னோடதுதான்."

"இல்ல பிரபு, நான்..."

"நீ சித்த நேரம் கேளு. எங்க தறிக்கு வர்ற யாவாரி பாக்கலாங்கன்னு சொல்லீட்டுப் போனா, அவன் திரும்ப வரமாட்டான்னு எனக்குத் தெரியும். நானே தினமும் பத்துப் பேர்த்துகிட்டச் சொல்றேன். ஆனா நீ சரின்னு அனுப்புனதுக்கு அப்பறமும், அன்னைக்கு நீ சொன்னத அப்படி எடுத்துக்க எனக்கு மனசு வல்ல. பாக்கலாம்னுதான சொன்னா, யோசிச்சுப் பாப்பா, அப்படீன்னு இருந்துட்டேன். அப்பறம் நீ பச்சைன்னு வேற சொன்ன."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கோவமெல்லாம் இல்ல கவி. ஒண்ணே ஒண்ணு பண்ணு. ஒரு தடவ உன்ற வாயால சொல்லீரு. வரமாட்டேன்னு. அதக் கேட்டுட்டா நான் வேற வேலையப் பாப்பேன்."

ஐந்து வருடத்தில் இந்த ஊர் எனக்கு முடியாது, வேண்டாம், இல்லை என்று எல்லாவற்றையும் சொல்லப் பழக்கியிருக்கிறது. மேலதிகாரியிடம் சொல்வேன், வீட்டுக்காரரிடம் சொல்வேன். மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு தமிழில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு வரவில்லை. அவன் காத்திருந்தான். அவன் பக்கத்தில் தறியை நிறுத்திவிட்டான் போல, திடீரென்று மூச்சுச் சத்தம் கூடக் கேட்டது.

"வரமாட்டேன் பிரபு" என்றேன்.

"செரி" என்றான். பிறகு, "மேல் ரூம்ல நூல் மூட்டையப் போட்டுக்கறோம். மழைக்குக் கீழ ஊறுது" என்றான். உடம்பைப் பார்த்துக்கொள் என்றான். வைத்துவிட்டான்.

நான் உள்ளே போய் இயந்திரத்தின் அருகே நின்றேன். அன்றைக்கு அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

அவன் "வரமாட்டேன்னு சொல்லீரு" என்று கேட்டதற்குப் பதிலாக, ஐப்பசியில் கேட்டதைப்போல "வந்துரு" என்று இன்னொரு தடவை கேட்டிருந்தால், நான் பார்க்கலாம் என்று சொல்லியிருக்க மாட்டேன். வருகிறேன் என்று சொல்லியிருப்பேன். அந்த நிமிடத்தில் மனதாரச் சொல்லியிருப்பேன், அப்புறம் போகாமல் இருந்திருப்பேன். என்னை அவனுக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.